மீசைக்கு ஒத்துவராத மாஸ்க்

என் அன்பு மனைவிக்கு,

நீ சுகமா? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், பயப்படாமல் படி.

போன வாரம் கிடங்கில் வண்டி ஓட்டும்போது லேசாகக் கண்ணயர்ந்துவிட்டேன். நாலைந்து அட்டைப்பெட்டிகள் சரிந்தன, அவ்வளவுதான். மேலாளர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். இனிமேல் காற்று ஊதும் மெஷினோடு மாஸ்க் மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். அது பழகும்வரை வண்டிச் சாவி கிடையாது, பெட்டி தூக்கும் வேலைதான்.

மாஸ்க் தேர்ந்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முகத்தையே மூடுகிற மாஸ்க்கில் நெஞ்சு படபடத்தது. மூக்கை மட்டும் மூடுவது சுகமாக இருந்தது. ஆனால் மீசை வழியாகக் காற்று புஸ்ஸென்று போனது. நர்ஸம்மா, "மீசையா மாஸ்க்கான்னு முடிவு பண்ணுங்க" என்றார். மீசையை எடுத்துவிட்டேன். வீடியோவில் பார்த்துச் சிரிக்காதே.

"மூச்சு நிக்குதுன்னு வீட்ல யாரும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"குறட்டைச் சத்தம் நின்னா என் பொண்டாட்டி முழங்கையால ஒரு இடி இடிப்பா. திரும்பிப் படுத்துக்குவேன்" என்றேன்.

"அந்த இடிதான் ஊர்ல இருந்த வரைக்கும் உங்க மூச்சை எழுப்பி விட்டிருக்கு" என்றார்.

மாஸ்க்கின் பட்டை கன்னத்தை அறுக்கிறது. அடியில் சுற்றிக்கொள்ள, உன் பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. துவைத்துவிடாதே.

கீழே வேலை வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். மெஷின் நன்றாகத்தான் ஊதுகிறது. இடிக்கத்தான் தெரியவில்லை.

உன்னவன்