பெட்டிக்குள் நான் ஒளித்த உன் புத்தகம்

கண்ணு தேன்மொழி,

நீ போய் ஒன்பது மாதமாகிறது. நேற்று உன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆமாம், அதேதான். நம் குன்னம் ஓடைகளில் நீ பொறுக்கி வருவாயே, கல்லாகிப்போன கடல் நத்தைகள். அவற்றைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம். பெரம்பலூரில் உன் கல்லூரி நூலகத்தில் அந்த ஒரு பிரதிதான் இருந்தது.

அது தொலையவில்லை. என் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் நான்தான் ஒளித்து வைத்தேன்.

அது மக்காச்சோள அறுவடை நேரம். வீட்டு வேலை, காட்டு வேலை எல்லாம் என் தலையில். நீயோ அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இரண்டு நாள் தேடட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் உன் அண்ணன் கத்தினார். "ஒரு பொஸ்தகத்தைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல, நீயெல்லாம் ஆராய்ச்சி பண்ணப் போறியா?" எனக்குப் பயமாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

பஸ் பஸ்ஸாக ஏறி கண்டக்டர்களிடம் கேட்டாயே! நூலகத்தில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிய அன்று வந்து சொன்னாய், "போதும் அண்ணி, நான் படிச்சது." நான் உனக்குச் சோறு போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஆண்டிமடத்தில் டீச்சர் வேலைக்குப் போன பிறகும், என் மகளிடம், "அத்தை மாதிரி பொறுப்பில்லாம இருக்காத" என்று சிரிப்பாய். ஒருமுறை நான் பெட்டியைத் திறந்தபோது கதவோரம் நின்றாய். பார்த்துவிட்டாயா? தெரிந்தேதான் சும்மா இருந்தாயா?

நேற்று நூலகத்தில் இருந்த அம்மா, "இது தொலைஞ்சுபோச்சுன்னு எப்பவோ எழுதியாச்சுங்க. பரவால்ல, வச்சிட்டுப் போங்க" என்றார்.

"இல்லீங்க, இது தொலையல. நான்தான் ஒளிச்சு வச்சேன். அந்தப் புள்ள பேருக்கு நேரா அதை எழுதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

உன் அண்ணனுக்கு இன்னும் தெரியாது. உன் கருமாதியன்றுகூட, "பாவம், அவளுக்கு எதையும் காபந்து பண்ணத் தெரியாது" என்றார். பக்கத்தில்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஊருக்கு வருகிறாள். இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன், சத்தியமாக. உன்னிடம் மன்னிப்பு கேட்க மாட்டேன், தேனு. மன்னிக்க மாட்டேன் என்று சொல்ல நீ இல்லாதபோது கேட்பது எனக்குத்தான் வசதி.

உன் அண்ணி,
சரோஜா