தனியாகப் போனால் ஏறும் சூடு

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அப்பா எழுதுவது. இங்கே குன்னத்தூரில் நான் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அவிநாசியப்பன் துணையிருக்கட்டும். அம்மா நம்மை விட்டுப் போய்ச் சேர்ந்த இந்தப் பத்து மாதமாக நீ என்னை அங்கே வந்துவிடச் சொல்வதும், நான் ஏதாவது சாக்குச் சொல்வதுமாக இருக்கிறது. உண்மைக் காரணத்தைப் போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் நீ சிரித்துவிடுவாய், இரண்டும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் மெக்கானிக் டேனியல் நம் காருக்கு இஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் தண்ணீரை மாற்றினான். அதிலிருந்து நம் பனியன் கம்பெனிக்குப் போகும்போது, அவிநாசியில் பாலம் வேலை நடக்கிற இடத்தில் வண்டிகளோடு வரிசையில் நின்றால் போதும், சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று டேனியல் காற்றை வெளியேற்றினான், தெர்மோஸ்டாட்டை மாற்றினான், ரேடியேட்டர் மூடியையும் மாற்றினான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போனேன், அதே இடத்தில் கால் மணி நேரம் நின்றும் முள் அசையவில்லை. மறுநாள் தனியாகப் போனேன், ஏறியது. நம் கம்பெனி டெய்லர் கீதாஞ்சலியை ஏற்றிக்கொண்டு போனேன், ஏறவில்லை. முப்பது வருடம் மெஷின்களோடு மல்லுக்கட்டியவன் நான், சும்மா நம்புவேனா, ஆறு தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் சூடு இல்லை, காலியாக இருந்தால் சூடு. உன் அம்மா என்னை எங்கேயும் தனியாக அனுப்பியவள் இல்லை என்பது உனக்கே தெரியும். அவள் இன்னும் இந்த வண்டியில்தான் இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அவளை இங்கே விட்டுவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவது, நீயே சொல்.

போன வாரம் டேனியல் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். ஏனுங்க, கூட ஆள் இருந்தாத்தானுங்க ஏசி போடுவீங்க, தனியா வந்தா போடமாட்டீங்களே என்று கேட்டான். என் கஞ்சத்தனம் ஊருக்கே தெரியும், ஆமாம் என்றேன். ஏசி போட்டால் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றுமாம். போடாவிட்டால், சூடு ஏறும்போது அதைச் சுற்றவைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதற்கு ஒயர் மாட்டும் சாக்கெட் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தொடவே இல்லீங்க, கிளிப்பை விரலால அமுக்காம அது கழலாதுங்க என்று சத்தியம் செய்துகொண்டே மாட்டிவிட்டான். அதற்குப் பிறகு தனியாகப் போனாலும் முள் நடுவிலேயே நின்றது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். நேற்றுக் காலை நானே பானெட்டைத் திறந்து, கிளிப்பை அமுக்கி, சாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கிளம்பினேன். பாலத்தடி வரிசையில் ஏசி போடாமல் நின்றுகொண்டு, கலா, எங்கே ஏத்து பாக்கலாம் என்று உன் அம்மாவிடம் வாய்விட்டே சொன்னேன். இருபது நிமிடம் இஞ்சினை ஓடவிட்டேன். வெயில் கொளுத்தியது. இறங்கிப் போய்க் காதை வைத்துக் கேட்டேன், விசிறி சுற்றவே இல்லை. ஆனால் முள் நடுவை விட்டு நகரவில்லை. இது எப்படி என்று டேனியலுக்கும் தெரியவில்லை. சூடு ஏற்றிக் காட்ட அவள் இல்லை, பக்கத்து சீட்டு வெறும் சீட்டாக இருந்தது. அவள் இறங்கிப் போய்விட்டாள் கண்ணு.

நான் வருகிறேன், டிக்கெட் போட்டுவிடு. கார் சாவியை டேனியலிடமே கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல், நீயும் குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போ. இருவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பழைய ஞாபகத்தில் இரண்டு டிக்கெட் போட்டுவிடாதே, ஒன்று போதும்.

உன் அப்பா,
கிட்டுசாமி