கைக்குச் சேதி சொல்லாத ஸ்டீரிங்

சேசு மரி சூசை துணை

பினாங்கு,
1934 சூலை 8, ஞாயிறு

என் பிரியமுள்ள சவுந்தரத்துக்கு, பினாங்கில் மோட்டார் ஓட்டும் உன் புருஷன் சூசை எழுதுவது. மேலே மூன்றாவதாக இருக்கும் சூசை வேறு, நான் வேறு. அவர் அர்ச்சியசிஷ்டர், நான் டிரைவர்.

நான் சுகம். நீயும் குழந்தை அமலமும் உன் அம்மாவும் வீட்டு ஆடும், அந்த ஆட்டைவிட அதிகமாகக் கத்தும் உன் அண்ணனும் சுகம் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் நான் விட்ட பிழைகளுக்கெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டு எனக்கே திருப்பி அனுப்பியிருந்தாய். கன்னியாஸ்திரிகளிடம் என்னைவிட ஒரு வகுப்பு கூடப் படித்துவிட்டாய், அதற்கு இத்தனை அதிகாரமா? இரண்டாம் வகுப்போடு நின்றவன் இவ்வளவு எழுதுகிறானே என்று சந்தோஷப்படு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் மாதக் கப்பலில் நீயும் அமலமும் வரப்போகிறீர்கள் அல்லவா? படகுத்துறையில் உங்களை ஏற்றிக்கொள்ள ஒரு மோட்டார் நிற்கும். முதலாளியின் மோட்டார் அல்ல. நம்முடையது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படி. நம்முடையது. ஊரான் வண்டியைத் துடைக்கிறவன் என்று உன் அண்ணன் என்னைச் சொல்வான், இல்லையா? அவனுக்கும் இந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டு.

என் முதலாளி சீனர். தவுக்கே என்று கூப்பிடுவோம். அவர் வீட்டுப் பின்பக்கம் பழைய மோட்டார் ஒன்று ஏழு வருஷமாகக் கோழிக் கூண்டாகக் கிடந்தது. எடுத்துச் சரிபண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கோழிகள் சம்மதித்தால் எடுத்துக்கொள் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். கோழிகள் சம்மதிக்கவில்லை. ஒன்று என் காதைக் கொத்தியது. ஆனாலும் எடுத்துவிட்டேன்.

இப்போது வண்டி நாகூர் மீரான் பட்டறையில் நிற்கிறது. டத்தோ கிராமாட் ரோட்டில் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அண்ணே என்பான், மரியாதை அந்தச் சொல்லோடு சரி.

எஞ்சின் இரண்டாம் நாளே இருமிக்கொண்டு எழுந்துவிட்டது. கோளாறெல்லாம் அதற்குக் கீழேதான். வண்டியின் உடம்பைச் சக்கரத்தின்மேல் தாங்குவது, இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். முன்பக்கம் இடது ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை முறிந்திருக்கிறது. அதனால் வண்டி, நீ இடுப்பில் குடம் வைத்து நடப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. உன்னிடம் அழகாக இருப்பது மோட்டாரிடம் அழகாக இல்லை.

ஸ்டீரிங் அதைவிட மோசம். உன் அப்பாவின் தோணிக்குச் சுக்கான் எப்படியோ அப்படி மோட்டாருக்கு ஸ்டீரிங். கையில் ஒரு சாண் திருப்பிய பிறகுதான் முன்சக்கரம், யார் கூப்பிட்டது என்று மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறது. ஜாக்கியில் தூக்கி வைத்துச் சக்கரத்தை ஆட்டினால் லொடக் லொடக் என்கிறது. சக்கரம் திரும்புவதற்காக அச்சின் நுனியில் கிங்பின் என்று பருத்த ஆணி ஒன்று உண்டு. அது தேய்ந்துவிட்டது. மீரான் சக்கரத்தை ஆட்டுவான், நான் விரலை வைத்து எந்தப் பக்கத்து ஆணி அதிகம் தேய்ந்தது என்று சொல்வேன். இந்த ஊரில் எனக்குப் பேரே அதற்குத்தான். மற்றவர்கள் பிரித்துப் பார்த்துச் சொல்வதை நான் தொட்டுச் சொல்லிவிடுவேன். இந்தத் தடவை வலது பக்கம் என்றேன். பிரித்தால் இடது பக்கம். மீரான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

என் மகள் பிறந்ததை நான் கடிதத்தில் படித்தவன். நாலு வருஷமாகத் தூக்காத கை இது. வந்ததும் அவளைத் தூக்கி என் மடியில் வைத்து, ஸ்டீரிங்கைப் பிடிக்கச் சொல்லி, கடற்கரை ரோட்டைச் சுற்றிக் காட்டுவேன். அழுதால் நீ வாங்கிக்கொள். நீ அழுதால் என்ன செய்வது என்று மீரானிடம் கேட்டு வைக்கிறேன்.

தேவமாதா உங்களைக் காக்க.

சூசை

*

சேசு மரி சூசை துணை

பினாங்கு,
1934 ஆகஸ்ட் 19, ஞாயிறு

பிரியமுள்ள சவுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செப்டம்பர் 21 வெள்ளிக்கிழமை நாகப்பட்டணத்தில் கப்பல் ஏறுவதாக எழுதியிருக்கிறாய். அதைத் தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், தினம் எடுத்துப் பார்க்கிறேன். ஊறுகாய் ஜாடியைச் சேலைக்கு நடுவில் வைக்காதே. இங்கே வந்து சேலையைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடிக்க முடியாது.

ஸ்பிரிங் சரியாகிவிட்டது. சீனக் கொல்லன் ஒருவன் புதுப் பட்டை அடித்து, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி எடுத்துக் கொடுத்தான். வண்டி இப்போது பூசைக்கு நிற்கும் பிள்ளைபோல நேராக நிற்கிறது. கிங்பின் இரண்டும் புதிது, அவற்றைச் சுற்றிவரும் பித்தளை புஷ்ஷும் புதிது. முன்சக்கரங்கள் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தோம். ஒரு சாண் ஆட்டம் இரண்டு விரலாகக் குறைந்துவிட்டது.

ஆனாலும் ஸ்டீரிங் சரியில்லை. எப்படிச் சொல்வது? நல்ல மோட்டார் கைக்குச் சேதி சொல்லும். இங்கே பள்ளம், இங்கே ஈரம், இங்கே சரளை என்று உள்ளங்கைக்கு வந்து சேரும். இது ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறது. தலையணையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதுபோல இருக்கிறது. ஸ்டீரிங் பெட்டியை மூன்று தடவை பிரித்துப் பூட்டிவிட்டேன். மூன்றாம் தடவை மீரான், “அண்ணே, இனி இதுக்குள்ள பாக்கி இருக்கிறது நம்ம விரல் ரேகை மட்டும்தான் லா” என்று மலாய் இழுப்போடு சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் இரண்டு பேரையும் ஏற்றப்போகிற வண்டி. சேதி சொல்லாத ஸ்டீரிங்கை நம்பி எப்படி ஓட்டுவது?

வேடிக்கை என்னவென்றால், தவுக்கேயின் புது மோட்டாரும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. ரோட்டுக்கெல்லாம் தார் போட்டு வழவழவென்று ஆக்கிவிட்டார்கள், அதனால் இருக்கும்.

இன்னொரு கூத்தையும் கேள். முந்தாநாள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு உன் மீன் குழம்பைப் பற்றி மீரானிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவன் மூக்கை உறிஞ்சி, “யாரோ பக்கத்துல சாத்தே சுடுறாங்க அண்ணே” என்றான். சுட்டது இறைச்சி அல்ல, என் கை. சூடான புகைக்குழாயின்மேல் வைத்துக்கொண்டே பேசியிருக்கிறேன். தோல் உரிந்துவிட்டது, வலி கொஞ்சமும் இல்லை. சவுந்தரத்தின் கையால் கிள்ளு வாங்கி வாங்கி முன்பே மரத்துப்போன தோல் என்று சொன்னேன். மீரான் சிரிக்கவில்லை. சிரிக்கவேண்டியதற்குச் சிரிக்காமல் இருப்பது அவன் வழக்கமில்லை. என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அங்கே கொஞ்ச நாளாகத் தேமல் போல ஒரு வெளுப்பு. சயாம் தைலம் தடவுகிறேன். நீ வந்து மஞ்சள் அரைத்துப் போடு, போய்விடும்.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் இந்த ஸ்டீரிங்கை வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன். கப்பலில் குழந்தையைக் கம்பி ஓரம் விடாதே.

சூசை

*

சேசு மரி சூசை துணை

பினாங்கு,
1934 செப்டம்பர் 26, புதன்
மீரான் கையில் கொடுத்தனுப்புவது

என் சவுந்தரத்துக்கு,

இதைப் படகுத்துறையில் உன்னிடம் தருகிறவன்தான் நாகூர் மீரான். அவனுக்குப் பின்னால் நிற்பது நம் மோட்டார். என்னைக் கூட்டத்தில் தேடாதே. நின்றுகொண்டு படிக்காதே, ஏறி உட்கார்ந்து படி. மெத்தை புதிது. கோழி வாசனை வந்தால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிறு பூசை முடிந்து, வண்டியை ஓட்டிப் பார்க்கத் தண்ணீர்மலை ரோட்டுக்குப் போனோம். எனக்கு அதே தலையணைதான். கோபத்தில் இறங்கி, இன்றைக்கு நீ ஓட்டு என்று மீரானிடம் கொடுத்தேன். முருகன் கோவில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. “அண்ணே, ஸ்டீரிங் நல்லாருக்கு. சின்னக் கல்லு ஏறினாக்கூட கையில தெரியுது. ஒனக்கு ஒண்ணுமே தெரியலையா?” என்றான்.

நான் அவனைக் கேலி செய்தேன். அவன் கேட்கவில்லை. கண்ணை மூடிக் கையை நீட்டச் சொன்னான். நீட்டினேன். கொஞ்சம் பொறுத்து, “கையில என்ன இருக்கு அண்ணே?” என்றான். நீ இன்னும் ஒன்றும் வைக்கவில்லையே என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். உள்ளங்கையில் மூன்று சின்ன நட்டுகள் இருந்தன.

ஆறு வாரமாக நான் பிரித்துப் பிரித்துப் பூட்டியது கோளாறே இல்லாத ஸ்டீரிங்கை. கெட்டுப்போனது என் கை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முழங்கை வெளுப்பில் ஊசியால் குத்தினார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் குத்துகிறார் என்று தெரிந்துகொண்டேன். பெருவியாதி, சவுந்தரம். இந்த ஒரு சொல்லில் பிழை இருந்தால் வட்டம் போடாதே.

உன்னை வரவேண்டாம் என்று சொல்லத் தந்தி ஆபீசுக்கு ஓடினோம். கப்பல் வெள்ளிக்கிழமையே கிளம்பியாயிற்று. நடுக்கடலில் இருக்கிற பெண்சாதியை எப்படித் திருப்பி அனுப்புவது என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

நாளைக் காலை என்னை ஜெரெஜாக் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். குஷ்ட வியாதிக்காரர்களுக்கு அங்கேதான் இடம். உனக்கும் தெரிந்த தீவுதான். கப்பலின் டெக்கில் வருகிற ஜனங்களை இறக்கி, காய்ச்சல் அம்மை உண்டா என்று பார்க்கச் சில நாள் வைத்திருப்பதும் அதே தீவில்தான். நீ இதைப் படிக்கும்போது அங்கே தங்கிவிட்டு வந்திருப்பாய். மலைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். அப்போது யாரோ வாயாலேயே மோட்டார் ஹாரன் ஊதுவது கேட்டிருந்தால் அது குரங்கு அல்ல. தினம் காலையில் ஊதுவதாக இருக்கிறேன். மலை ரொம்பப் பெரிதில்லை என்கிறார்கள்.

மேற்கொண்டு என்ன செய்யச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த கப்பலில் திரும்பிப் போ என்று எழுதி அடித்துவிட்டேன். இங்கேயே இரு என்று எழுதி அதையும் அடித்துவிட்டேன். அடித்த இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்காதே. மீரானின் சம்சாரம் சலேஹா தன் வீட்டில் உங்களுக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாள். எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. மாதா கோவில் சாமியாரிடமும் சொல்லியிருக்கிறேன். வண்டியில் நான் தொட்ட இடமெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. மீரான் வேண்டாம் என்றான். நான்தான் நின்று கழுவ வைத்தேன். பயப்படாமல் உட்கார்.

குழந்தையை நாலு வருஷமாகத் தூக்கவில்லையே என்று ஒவ்வொரு கடிதத்திலும் புலம்பினேன். இப்போது அதற்குத்தான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் அப்பா எங்கே என்று என்ன சொல்வாயோ, அதை நீயே யோசித்துக்கொள். எனக்குப் பொய் சொல்ல வரும், ஆனால் இதற்கு ஒன்றும் வரவில்லை.

எழுத்து பெரிது பெரிதாக இருப்பதைப் பார்த்திருப்பாய். பேனா விரலில்தான் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். பின்னால் உட்காராதே, முன்னால் மீரான் பக்கத்தில் உட்கார். அவன் உன் தம்பி மாதிரி. படகுத்துறையை விட்டுக் கிளம்பியதும் டிராம் தண்டவாளம் வரும். அதைத் தாண்டும்போது ஒரு கையை நீட்டி ஸ்டீரிங்மேல் வை. மீரானிடம் சொல்லியிருக்கிறேன், மெதுவாக ஓட்டுவான். கையில் இரண்டு துடிப்பு வரவேண்டும், ஒன்று, உடனே இன்னொன்று. வந்ததா என்று எனக்கு எழுது. அமலத்தின் கையையும் பிடித்து வை. அவளுக்கு எப்படி இருந்தது என்று கேட்டு, அவள் சொன்ன மாதிரியே எழுது. திருத்தாமல் எழுது.

உங்கள் இரண்டு பேர் கையையும் தேவமாதா காக்கட்டும்.

உன் புருஷன்
சூசை