ஆங்கிலக் கொப்பியில் உன் கையொப்பம்

இறால் மணக்கும் கையோடு இன்றைக்கு நம் மகளின் ஆங்கிலக் கொப்பியைத் திறந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் முதலில் கிணற்றடிக்குத் துரத்தியிருப்பாய். பக்கத்தின் அடியில், பெற்றோர் கையொப்பமிடும் கோட்டின்மேல், உன் கையொப்பம். அதே நீண்ட வால். திகதி போன செவ்வாய். நீ கண்ணை மூடி ஒன்றரை வருடமாகிறது.

உனக்குப் பிறகு அந்தக் கோட்டில் நான்தான் கையொப்பம் வைத்துவந்தேன். வாவியில் தோணி தள்ளுகிறவன் ஆங்கிலம் பார்த்துக்கொடுத்த அழகைக் கேள். தொலைக்கிற 'லூஸ்'க்கும் தொளதொள 'லூஸ்'க்கும் ஒரு 'ஓ'தான் வித்தியாசமாம். நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என் காதிலும் விழுந்திருக்கிறது: "அப்பாட சாரம் லூஸ். அதுக்கு ரெண்டு ஓ." நீங்கள் இருவரும் சிரித்தீர்கள், நான் இடுப்புச் சாரத்தை இறுக்கிக்கொண்டேன். சாரம் நினைவிருந்தது, 'ஓ' எதற்கு எத்தனை என்பது மறந்துபோயிற்று. பிள்ளை சரியாக எழுதியதை அழிக்கவைத்து, பிழையாக எழுதவைத்து, கீழே பெரிய துரை மாதிரிக் கையொப்பமும் வைத்தேன். பாலைவன 'டெசர்ட்'டுக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு தின்னும் இனிப்பு 'டெசர்ட்'டுக்கும் 'எஸ்' எத்தனை என்பதிலும் அதே கதைதான். நீ இல்லாதது தெரியாத புது டீச்சர் சிவப்பு மையில் எழுதிவிட்டார்: "பெற்றோர் வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடவும்."

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. அந்த எழுத்துகள்மேல், என்மேல், உன்மேலும்தான். இவ்வளவு தெரிந்தவள் எனக்கும் கொஞ்சம் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா?

அதன்பிறகு மகள் கொப்பியைக் காட்டுவதில்லை. கேட்டால் பயிற்சி எதுவும் தரவில்லை என்பாள். அப்பன் உதவமாட்டான் என்று தள்ளிவிட்டாள் என நினைத்திருந்தேன். இன்று இதைக் கண்டதும் குரலை உயர்த்தி, ஏன் அம்மாவின் கையொப்பத்தை வைத்தாய் என்று கேட்டேன். அவள் கொப்பியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நீங்க வைச்சா டீச்சர் உங்களத்தான் பிழையெண்டு எழுதிறா. அத வகுப்பில வாசிச்சும் காட்டினா. எனக்குக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாப்பா."

பேனையை வாங்கி அடுத்த பக்கத்தில் தமிழில் எழுதினேன்: 'வாசித்துப் பார்த்தேன். எனக்கு விளங்கவில்லை. பிழை என்னுடையது, பிள்ளையுடையதல்ல.' அவள் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"இதில ஒரு பிழையும் இல்ல" என்று கொப்பியை என் பக்கம் நகர்த்தினாள்.

கையொப்பமிட்டேன். இனி அந்தக் கோட்டில் என் பெயர்தான் இருக்கும், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.