பாசிக்குள் மறைந்த நீல மீன்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
கொல்லம் ஆண்டு 1114, துலாம் மாதம் 9

சிரஞ்சீவி கல்யாணராமனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பத்மநாபசுவாமி கிருபையில் அப்பாவும் நானும் சௌக்கியம், சீமைக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் இங்கே ஓயாத விசாரம். அங்கேயே உத்தியோகம் தருகிறார்கள், யோசிக்கிறேன், நீல மீனைக் கடல்தண்ணீர் கொண்டுவரும் தங்கப்பனிடம் கொடுத்துக் கடலில் விடச் சொல்லுங்கள் என்று நீ எழுதியதை வாசித்துவிட்டு அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

விழிஞ்ஞம் கடற்கரைப் பாறையிடுக்கில் நீ பிடித்து வந்து, முற்றத்தை ஒட்டிய கூடத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் போனாயே, அந்தத் தொட்டியில் பாசி பிடித்து மீனே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. எல்லாம் என் வேலைதான். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம் என்கிறோமே, அது உனக்குச் சேரட்டும் என்று தினமும் உன் பெயரைச் சொல்லி ஒரு பிடி போட்டேன். உன் நட்சத்திரத்தன்று அடுத்த வீட்டுப் பாகீரதியும் தன் பங்குக்குப் போட்டாள். தின்றது போக மிச்சம் ஊறி அழுகி, முற்றத்து வெயிலும் சேர்ந்து, கண்ணாடியெல்லாம் பச்சை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்தும் இருந்தது. மத்தியானத்தில் வெயில் அதன் வழியே வந்து சுவரில் பச்சையாக அசையும், பாயைப் போட்டுப் படுத்திருப்பேன், நான் கடலுக்கு அடியில் கிடப்பது போலவும் மேலே உன் கப்பல் திரும்பி வருவது போலவும் தோன்றும், காப்பிக்கு நேரமானதுகூடத் தெரியாது. உனக்கும் பாசி பிடித்துவிட்டதா என்று அப்பா கேலி செய்வார்.

தங்கப்பன் வந்து எட்டிப் பார்த்து, மீன் செத்துப் போயிருக்கும் அம்மே, எல்லாத்தையும் கொட்டிக் களைஞ்ஞிடலாம் என்றான். இந்த வீட்டில் நீ உயிரோடு விட்டுப் போனது அது ஒன்றுதான். சுவரை ஒட்டிய இருட்டுப் பக்கத்தில் மட்டும் பாசி குறைவாக இருந்ததைப் பார்த்தேன். பொரியை நிறுத்தினேன், உன் பழைய போர்வையால் வெயிலை மறைத்தேன், தேங்காய் நாரால் கண்ணாடியைத் தேய்த்து, திரண்ட பாசியைக் கையால் வாரி எடுத்து, தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன், மீன் தண்ணீரைத் தொட்ட தீட்டுப் போக, மடிக்காக ஒவ்வொரு தடவையும் குளித்தேன். நேற்றுக் காலை கல்லுக்குப் பின்னாலிருந்து நீலமாக ஏதோ அசைந்தது. அழுதுவிட்டேன்.

தங்கப்பனிடம் அதைக் கொடுக்கவில்லை. கடலில் விடத்தான் வேண்டுமென்றால் நீ வந்து உன் கையால் விடு. உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல நான் படித்தவள் இல்லை, ஆனால் நீ வராமலே இருந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது, அதை எழுதாமல் வேறு எதை எழுதுவது. தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே, கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. தீர்க்காயுசாக, மனதுக்குக் குறைவில்லாமல் இரு.

பதில் எழுதுமுன் ஒன்றை நினைத்துக்கொள். இப்போது பொரி இல்லாமல் வெறும் கையோடு தொட்டி முன் நின்று உன் பெயரை மட்டும் சொல்கிறேன். மீன் அதற்கே வந்துவிடுகிறது.

உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா,
வாலாம்பாள்