இரண்டு பேரும் உட்கார்ந்த பிறகு

நவம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. பார்த்ததும் கண்ணில் பட்டது டேப்தான். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஒட்டியிருந்தது. நீங்கள் ஒட்டினால் கோணல்மாணலாகச் சுருண்டு நிற்கும். பிரிப்பதற்குள் என் நகம் போய்விடும். இந்தத் தடவை சட்டென்று பிரிந்துவிட்டது.

உள்ளே இருந்த கிறிஸ்துமஸ் இசைத்தட்டு நாம் சேர்த்தவற்றில் இல்லாதது. அட்டையில் கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு பாடகி எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். அட்டையை மட்டும்தான் பார்த்தேன். புதிதாக எது வந்தாலும் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்த பிறகுதான் ஊசி வைக்க வேண்டும் என்பது நம் சட்டம் அல்லவா? நீங்கள் வேலைக்காக அங்கே போன பிறகு அனுப்பியவை எல்லாம் அலமாரியின் மேல் அடுக்கில் தனியாக நிற்கின்றன. போன வருஷம் உங்களுக்கு லீவ் கிடைக்கவில்லை, அதனால் அவையும் கேட்காமலே இருக்கின்றன.

அம்மாவுக்கு அலமாரியைப் பார்த்தாலே எரிச்சல். "நாம என்ன சர்ச்சுக்கா போறோம்? ஒரே பாட்டை எத்தனை பேர் பாடித்தான் கேப்பீங்க அப்பனும் மகளும்?" என்கிறாள். நீங்கள் இருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பீர்கள். நான் துணியை எடுத்து அலமாரியைத் துடைக்கப் போய்விட்டேன்.

லாண்டரியில் இப்போது ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிற இடத்தில் என்னைப் போட்டிருக்கிறார்கள். இஸ்திரி அக்கா, "உங்கிட்ட பேசுறதுக்கு இந்த மிஷினுகிட்ட பேசலாம். உஸ்ஸுன்னாவது பதில் சொல்லும்" என்று எல்லோர் எதிரிலும் சொன்னாள். நானும்தான் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் என்றால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். படிப்பை விட்டதில் அந்த ஒரு நிம்மதி.

கிறிஸ்துமஸுக்கு வருவீர்கள்தானே?

உங்கள் கோட்டான்


நவம்பர் 15

என் ஊமைக்கோட்டானுக்கு அப்பா எழுதுவது,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். இப்போது பார்க்கும் கட்டடத்தில் லிஃப்ட் தினமும் ஒரு தடவையாவது நடுவில் நிற்கிறது. ஓடும்போது மெக்கானிக் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால் போதும், என் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறார்கள்.

டேப் நேராக இருந்ததா? வயசானால் கை நடுங்கும் என்பார்கள். எனக்கு நேராகிறது போலிருக்கிறது.

அருமையான தட்டு அது. இரண்டாம் பக்கத்தில் ஆட்டிடையர் பாட்டு வரும். கடைசி வரியில் பாடகிக்கு மூச்சு தவறிச் சிரிப்பு வந்துவிடும். அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த இடம் வந்ததும் இங்கே எல்லோரும் சிரித்துவிட்டோம். உனக்கும் பிடிக்கும்.

இஸ்திரிக்காரி சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. லீவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா


நவம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அம்மா கேட்டாள். லிஃப்ட் அடிக்கடி நிற்கிறதாம் என்று சொன்னேன்.

நீங்கள் எழுதிய சிரிப்பை நான் இன்னும் கேட்கவில்லை. தட்டு உறைக்குள்ளேயே இருக்கிறது. நம் பிளேயர் இங்கே அலமாரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊசியைத் துடைத்து, மேலே துணி போட்டு வைத்திருக்கிறேன். அங்கே ஒன்று வாங்கினீர்களா? எல்லோரும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பல தடவை படித்தேன். கூட வேலை செய்கிறவர்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் சூப்பர்வைசர் அறைக்குத் தனியாகப் போய், இருபத்து நான்காம் தேதி மதியம் லீவ் வேண்டும் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அட, உனக்குப் பேச வருமா?" என்றார். வரும் என்றேன். கொடுத்துவிட்டார்.

ராத்திரி தங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. மதியம் வந்துவிட்டுச் சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிடுங்கள். ஒரு தட்டையாவது சேர்ந்து கேட்டுவிடலாம். வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

உங்கள் கோட்டான்


டிசம்பர் 12

கண்ணு,

எப்படி எழுதுவதென்று தெரியாமல் தள்ளிப்போட்டுவிட்டேன். இந்தத் தடவையும் வர முடியாது. அடுத்த வருஷம் வருகிறேன் என்று எழுதி, நீ மறுபடி காத்திருப்பதும் சரியில்லை.

இங்கே நான் இருக்கும் வீட்டில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். உனக்குப் பார்சல் கட்டியது அவளுடைய அம்மா. உனக்கு இதைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாது. அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

வந்த தட்டுகளையெல்லாம் நீ போட்டுக் கேளு. சேர்ந்து உட்கார்ந்த பிறகுதான் ஊசி என்பதெல்லாம் நீ குட்டியாக இருந்தபோது விளையாட்டுக்குச் சொன்னது. இப்போது நீ பெரிய பெண்.

இன்னொன்று. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பழைய மோட்டார் அறையில் யாரோ விட்டுப்போன பெட்டியிலிருந்து நான் எடுத்துவந்த முதல் தட்டு, பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவது, நடுவில் ஒரு பையன் இருமுவானே, அது இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. சின்னவளிடம் அந்த இருமலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கேட்டு நச்சரிக்கிறாள். உனக்கு மனசிருந்தால் அனுப்பு. இல்லாவிட்டால் வேண்டாம்.

அப்பா


டிசம்பர் 24

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு நீங்கள் கேட்ட தட்டு இருக்கிறது. இரண்டு பக்கமும் பழைய அட்டை வைத்துக் கட்டியிருக்கிறேன், உடையாது. முதல் பக்கத்தில் ஓர் இடத்தில் ஊசி குதிக்கும். பயந்துவிடப் போகிறாள், முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அவளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தட்டு கைக்கு வந்ததுமே போட்டுக் கேட்டுவிடலாம். யார் வரும்வரையும் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். படித்தாள். வந்தபடியே மடித்துத் திருப்பித் தந்தாள். "எனக்குத் தெரியும்டி. நீ அந்த அலமாரியைத் துடைக்கிறதைப் பாத்தா சொல்ல வாய் வராது" என்றாள். பிறகு பால் காய்ச்சப் போனாள்.

சூப்பர்வைசரிடம் வாங்கிய லீவை வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா வேலையிலிருந்து திரும்ப நேரமிருந்தது. தெருவில் சத்தமே இல்லை. மேல் அடுக்கிலிருந்து குல்லாய் போட்ட பாடகியை எடுத்தேன். நம் பாயில் நான் எப்போதும் உட்காரும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன், உங்கள் பக்கம் நகரவில்லை. ஊசி வைத்தேன்.

நல்ல குரல்தான். நீங்கள் சொன்னது சரி. இருக்கிற எல்லாவற்றையும்விட இதில் பாட்டு மெதுவாகப் போகிறது, பாடுகிறவளுக்கு வீட்டுக்குப் போக அவசரமே இல்லாத மாதிரி. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினேன்.

முதல் பக்கம் முடிந்து ஊசி சும்மா உரசிக்கொண்டே இருந்தது. எப்போதும் நீங்கள்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து தட்டைத் திருப்பிப் போடுவீர்கள். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய்த் திருப்பிப் போட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்