பாலம் ஏறாத வண்டியும் நீ இடம் மாற்றிய குழாயும்

என் பிரியமான சவரி மச்சான்,

உனக்கு எழுத வேறு முகவரி இல்லாததால் இதை எங்கள் பத்திரிகையிலேயே போடுகிறேன். ராயபுரத்தில் நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

நீ போன பிறகு ரோசி வண்டியை விற்கவில்லை. பட்டாளத்தார் ஏலம் விட்டபோது நீ எடுத்த அதே வேன்தான். குப்புசாமி ஓட்டுகிறான். விடியற்காலையில் காசிமேட்டில் கூடையேற்றி, மீன்காரப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு, யானைக்கவுனிப் பாலம் வழியாகச் சந்தைக்குப் போவது எல்லாம் பழையபடிதான். என் தங்கைக்கு அந்த ஒரு நடைதான் சோறு. அதனால்தான் பாலத்தில் வண்டி நின்றபோது எனக்குப் பயம் பிடித்தது.

ஒருநாள் நின்றது, மறுநாளும் நின்றது. சும்மா போகும்போது ஒன்றுமில்லை. கூடையும் ஆளும் ஏறி, பாலத்தின் ஏற்றம் வந்ததும் மூச்சு வாங்கும். ரேடியேட்டரில் ஆவி பறக்கும். பெண்கள் இறங்கித் தள்ளுவார்கள். அவர்களில் அஞ்சலையை உனக்குத் தெரியும். அவள் ரோசியின் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“இன்னா ரோசி, உம் புருசன் இருந்தப்போ வண்டி பறந்துகினு இருந்துச்சு. இப்போ பாலத்தாண்ட குந்திகினு எழுந்திருக்க மாட்டேங்குது. ஐஸு கரஞ்சு மீனு நாறிப்பூட்டா எவ வாங்குவா? ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். அப்பால லாரிக்காரன் கைல போயிருவோம். கோச்சுக்காத.”

ரோசி கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும் மச்சான்? தீ விபத்து, வேலைநிறுத்தம், கப்பல் வரவு என்று எழுதியவன். எனக்குத் தெரிந்தது கேட்பது ஒன்றுதான். போய்க் கேட்டேன்.

உன் சாவுக்குப் பிறகு வண்டி சும்மா நின்றதல்லவா? அதை மறுபடி கிளப்பியவர் தண்டையார்பேட்டை தாவூத் பாய். பாயிண்ட் மாற்றி, பொறி விழும் நேரமான டைமிங்கையும் வைத்துக் கொடுத்திருந்தார். பட்டறையில் வண்டியை ஓடவிட்டுக் காட்டினார்.

“சத்தத்தக் கேளு சார். தையல் மிஷினு மாரி ஓடுது. வண்டி மேல தப்பே இல்ல. லோடு ஜாஸ்தி.”

கூட வந்திருந்த அஞ்சலை உடனே, “இன்னா பாய், என்னியப் பாத்துகினு சொல்ற?” என்றாள். பாய் சிரித்துக்கொண்டே இஞ்சினுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

சத்தம் எனக்கும் சரியாகத்தான் கேட்டது. நின்ற இடத்தில் இவ்வளவு நன்றாக ஓடுவது ஏற்றத்தில் ஏன் சாகிறது? பெட்ரோல் என்றான் ஒருவன். ரேடியேட்டர் என்றான் இன்னொருவன். உன் ஆவி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறது என்றாள் அஞ்சலையின் நாத்தனார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எதுவும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

பிறகு ஒரு மழை பெய்தது. கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாமல் குப்புசாமி வண்டியை ஓரங்கட்டினான். இஞ்சினை அணைக்காமலே மூடியைத் திறந்து, வைப்பர் ஏன் ஆடவில்லை என்று பார்த்திருக்கிறான். இஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பில் ஆடுகிற வைப்பர் அது. அதன் குழாய் மொட்டையாகத் தொங்கியது. அது இருக்க வேண்டிய இஞ்சின் மூக்கில் வேறொரு மெல்லிய செம்புக் குழாய் மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கி, மூக்கைக் கட்டைவிரலால் அடைத்தான். இருந்தும் இஞ்சின் தூங்கி விழுந்தது. திரும்ப மாட்டினான். எழுந்துகொண்டது.

இதைக் கேட்டதும் தாவூத் பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உன்னைத் திட்டினார். “அடப்பாவி சவரி! கார்புரேட்டர்ல இருக்க வேண்டிய கொழாய இங்க மாத்தி வச்சிகீறியே!”

எனக்காக அவர் நிதானமாக விளக்கினார். அந்தக் குழாய் கொண்டுபோகும் இழுப்பு, நெருப்புப்பொறி விழும் நேரத்தை முன்னால் தள்ளுகிறது. கார்புரேட்டரில் மாட்டியிருந்தால், வண்டி நின்றபடி ஓடும்போது அந்த இழுப்பு இருக்காது. அதனால் டைமிங் வைக்கும்போது பாய் எந்த வண்டியிலும் அந்தக் குழாயைக் கழற்றியதே இல்லை. ஆனால் நீ மாட்டிய இடத்திலோ, வண்டி நிற்கும்போதுதான் இழுப்பு முழுக்க இருக்கிறது. பொறி ஏற்கெனவே முந்தியிருக்க, அது குழாயின் வேலை என்று தெரியாமல், சரியான இடத்துக்குக் கொண்டுவருவதாக நினைத்து அவர் பின்னால் தள்ளி வைத்துவிட்டார். ஏற்றத்தில் பெடலை அழுத்தியதும் இழுப்பு போய்விடும். பொறி காலந்தாழ்ந்து விழும். வண்டி உட்காரும்.

குழாயைக் கழற்றி, மூக்கைச் சோப்புத் துண்டால் அடைத்து, பாய் டைமிங்கை மறுபடி வைத்தார். பிறகு குழாயை நீ வைத்த இடத்திலேயே மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை வண்டி முழுச் சுமையோடு பாலம் ஏறியது. நடுவில் யாரும் பேசவில்லை என்று குப்புசாமி சொன்னான். அஞ்சலை பேசாமல் வந்தாளாம், நம்புகிறாயா? லாரிக்காரன் பேச்சு அதோடு அடங்கியது.

எனக்கு மட்டும் அடங்கவில்லை. ஏன் மாற்றினாய்? கார்புரேட்டர் மூக்கு உப்புக்காற்றில் அரித்திருக்கும் என்றார் பாய். திறந்து பார்த்தோம். சுத்தமாக இருந்தது. அப்படியானால் ஏன்?

ரோசியிடம் கேட்டேன். உன் வண்டி வேலையெல்லாம் அவளுக்குப் பாதி தெரியும். “எனக்கு ஒண்ணும் சொல்லலேண்ணே” என்றாள். பிறகு, “பழைய எடத்துலயே மாட்டிரச் சொல்லு. இன்னொரு மெக்கானிக்கு வந்து பாத்தா அவனுக்கும் புரியணும். ஒவ்வொரு தபாவும் செத்தவரு கைல போயி கேட்டுகினு இருக்க முடியுமா?” என்றாள்.

குழாயைக் கார்புரேட்டருக்கே மாற்றி, வைப்பரையும் மாட்டிவிட்டார் பாய். இப்போதும் பாலம் ஏறுகிறது. ஆனால் மச்சான், மீன் ஏலம் முடியும்வரை கரையில் இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்போமே, அப்போது ரேடியேட்டர் கொதிக்கிறது. உன் காலத்தில் ஒருநாளும் கொதித்ததில்லை என்கிறாள் அஞ்சலை. இதற்காகத்தான் மாற்றினாயா? நிற்கும்போது பொறி முந்தி விழுந்தால் இஞ்சின் அவ்வளவு சூடேறாது, இருக்கலாம் என்கிறார் பாய். ரேடியேட்டரில் அழுக்கு, வேறொன்றுமில்லை என்கிறான் குப்புசாமி. எனக்கு இருவர் சொல்வதும் சரியாகப் படுகிறது, அதுதான் கஷ்டம்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் சரியில்லாததால்தானே நீ அங்கே இஞ்சினை அணைத்ததே இல்லை? நேற்று ரோசி கரைக்கு வந்து, கொதிக்கிற வண்டியைப் பார்த்துவிட்டு, “அணச்சிரு குப்பு” என்றாள். ஏலம் முடிந்ததும் இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைக் குப்புவிடமிருந்து தானே வாங்கி வண்டியின் முன்னால் மாட்டினாள். “கைய ஒடிச்சிக்காதடி!” என்று கத்தினாள் அஞ்சலை. முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ரோசி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “ஏறுங்க, நேரமாச்சு” என்றாள்.

உன் காரணம் நல்ல காரணமாகத்தான் இருந்திருக்கும். அதை நான் தேடிக்கொண்டுதான் இருப்பேன். கிடைத்தாலும் அந்தக் குழாயை உன் இடத்துக்கு மாற்றச் சொல்லி ரோசியிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது சத்தியம்.

கூடைகளுக்கு நடுவே இடம் கேட்டு உட்கார்ந்து இதை எழுதும்,
உன் ரோசியின் அண்ணன், உன் மச்சான்.